பறவை வேஷம் கட்டாது

2016 ஜனவரி 3-ஆம் தேதி. மாண்ட்ரியல் தீவின் மேற்குப் பகுதியில், நாற்பதாம் எண் நெடுஞ்சாலையில் வண்டிகளைக் கண்காணிக்க வைத்திருந்த கேமரா ஒன்றின் முன்னால் பனி ஆந்தை ஒன்று சிறகை முழுக்க விரித்துப் பறந்தது. கீழே சாலை, பின்னால் வெளிறிய வானம், நடுவில் அந்த வெள்ளைப் பறவை. கியூபெக் மாகாணப் போக்குவரத்து அமைச்சர் ராபர்ட் பொய்ட்டி அந்தப் படங்களை வெளியிட்டார். சில நாளில் அவை உலகம் சுற்றி வந்தன. அங்கே காத்துக்கிடந்த ஆள் இல்லை, மறைவுக் கூடாரம் இல்லை, ஒரு முழ நீள லென்ஸ் இல்லை. நெரிசலைப் பார்க்க வைத்த இயந்திரத்துக்கு, ஆயிரக்கணக்கானோர் வாழ்நாளெல்லாம் ஏங்கும் படம் தானாக அமைந்துவிட்டது.

அந்த நெடுஞ்சாலை ஊடறுத்துப் போகும் ஊர்களில் ஒன்று கர்க்லாண்ட். சுமார் 20,000 பேர் வாழும் புறநகர். 1961-இல் தனி நகரானது. மாகாணச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சார்ல்ஸ்-எமே கர்க்லாண்டின் பெயரைத் தாங்கியது. அதே ஆண்டு அவருடைய மகள் மரி-கிளேர், கியூபெக் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றார். 2002-இல் இந்த ஊரை மாண்ட்ரியலோடு சேர்த்தார்கள். மக்கள் வாக்களித்துப் பிரிந்து 2006-இல் மறுபடி தனி நகரானது. மருந்துக் கம்பெனிகள், ஒழுங்கான தெருக்கள், புல்வெளி வைத்த வீடுகள். பார்த்தால் படமெடுக்க ஒன்றுமில்லாத ஊர் என்றுதான் தோன்றும்.

ஆனால் வாரம் முழுக்க அலுவலகத்தில் இருந்துவிட்டுச் சனி, ஞாயிறில் கேமராவைத் தோளில் மாட்டும் ஆட்களுக்கு இது வளமான இடம். கொஞ்ச தூரத்தில் செயின்ட்-ஆன்-டெ-பெல்வியூவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மோர்கன் மரத்தோட்டம், 245 ஹெக்டேர் காடு. அதே ஊரில் வலசைப் பறவைகளை வளையமிட்டுக் கணக்கெடுக்கும் மெக்கில் பறவை ஆய்வு நிலையம். இது ஒரு திசை. மறுபக்கம் திரும்பினால் வரலாறு: கர்க்லாண்டிலேயே 18-ஆம் நூற்றாண்டின் லான்டியே இல்லம், பக்கத்து ஊரான பாயின்ட்-கிளேரில் 1709-10-இல் கட்டிய காற்றாலை, லஷீனில் மென்மயிர் வணிகத்துக்காக 1803-இல் எழுப்பிய கல் கிடங்கு. பழைய மாண்ட்ரியலில் பாயின்ட்-அ-கலியேர் அருங்காட்சியகம் கோடை முடியும் வேளையில் 18-ஆம் நூற்றாண்டுச் சந்தை ஒன்றை நடத்துகிறது. தலைத்துணி கட்டிய காய்கறிக்காரிகள், மூன்று முனைத் தொப்பி வைத்த சிப்பாய்கள், கூடை முடைபவர்கள். அன்று படமெடுப்பவர் கூட்டம் சந்தைக்கு வருகிற கூட்டத்தோடு போட்டி போடும்.

அதனால்தான் இந்தப் பக்கத்துப் பொழுதுபோக்குப் படக்காரர் ஒருவரின் தொகுப்பைப் புரட்டினால் இரண்டு வகைப் படங்கள் அடுத்தடுத்து வருவதில் வியப்பில்லை. ஒரு பக்கம் கண்ணில் ஒளிப்புள்ளி மின்னும் சிவப்புக் கார்டினல். அடுத்த பக்கம், தாத்தா காலத்துப் பழுப்பு நிறத்தில் துப்பாக்கியோடு நிற்கும் 1812-ஆம் ஆண்டுப் போர்ச் சிப்பாய் வேஷக்காரர். முதலாவது எவரும் ஏற்பாடு செய்யாதது. இரண்டாவது முழுக்க முழுக்க ஏற்பாடு. இரண்டுக்கும் ஒரே கேள்விதான் பொருந்தும் என்பது என் கருத்து: இந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது? அதைத் தயங்காமல் சொல்ல முடிகிறதா?

உப்பைப் பனியாக்கியவர்

இந்த ஏற்பாட்டுக் கலைக்கு மாண்ட்ரியலில் மூத்தவர் வில்லியம் நாட்மன். 1826-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தவர். துணி வியாபாரம் நொடித்து 1856-இல் கப்பலேறி மாண்ட்ரியலுக்கு வந்தார். ஊரில் பொழுதுபோக்காகப் பழகிய புகைப்படம் இங்கே பிழைப்பானது. ப்ளூரி தெருவில் அவர் திறந்த ஸ்டுடியோ பின்னாளில் கனடாவிலும் அமெரிக்காவிலும் கிளை பரப்பியது.

1866-இல் அவர் கரிபூ மான் வேட்டை, மூஸ் வேட்டை என்று படத்தொடர்கள் வெளியிட்டார். கொட்டும் பனியில் கூடாரம், நெருப்பைச் சுற்றிக் குளிர்காயும் வேட்டைக்காரர்கள், பதுங்கிக் குறிபார்க்கும் வழிகாட்டி. அத்தனையும் ஸ்டுடியோவின் நான்கு சுவருக்குள் எடுத்தவை. அன்றைய ஈரக் கண்ணாடித் தகட்டை மருந்து காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். உறைபனிக் காட்டில் அது சாமானியமான காரியமில்லை. ஆகவே காட்டை உள்ளே கொண்டுவந்தார். மரங்களை நட்டார். தரையில் உப்பைக் கொட்டிப் பனியாக்கினார். விழும் பனிக்கு, கழுவிய நெகட்டிவின் மேல் வெள்ளைச் சாயத்தைப் பொடிப்பொடியாகத் தெளித்தார். சறுக்கு விளையாட்டுப் படங்களில் உறைந்த ஏரியாக வேலை பார்த்தது மெருகேற்றிய துத்தநாகத் தகடு. வேட்டைப் படங்களில் நடித்த கர்னல் ரோட்ஸ் உண்மையிலேயே பெரிய வேட்டைக்காரர். தான் காட்டில் செய்ததை ஸ்டுடியோவில் திரும்பச் செய்து காட்டினார்.

1870-இல் நாட்மன் இன்னொரு படி மேலே போனார். பிரிட்டிஷ் இளவரசர் ஆர்தருக்காக விக்டோரியா சறுக்கு அரங்கில் நடந்த மாறுவேடக் கொண்டாட்டத்தை ஒரே படத்தில் அடக்க நினைத்தார். அன்றைய கேமராவால் ஓடும் கூட்டத்தை உறையவைக்க முடியாது. கலந்துகொண்டவர்கள் அதே வேஷத்தில் ஸ்டுடியோவுக்கு வந்து தனித்தனியாக நின்றார்கள். சுமார் 300 உருவங்களைக் கத்தரித்து, வரைந்த பின்னணியில் ஒட்டி, மறுபடி படமெடுத்து, மேலே வண்ணம் பூசினார்கள். இன்றைக்குக் கணினியில் அடுக்கடுக்காக ஒட்டுவதைக் கத்தரிக்கோலாலும் பசையாலும் செய்த வேலை அது. பார்த்தவர்களுக்கு அது ஒட்டுப் படம் என்று தெரியும். தங்கள் முகத்தைக் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்கு இன்பம்.

1885-இல் அந்த ஸ்டுடியோவில் நடந்த ஒன்று என்னை இன்னமும் உறுத்துகிறது. அமெரிக்கப் படையைப் பூர்வகுடிகள் தோற்கடித்த லிட்டில் பிக்ஹார்ன் போர் முடிந்து ஒன்பது ஆண்டு. லகோட்டா மக்களின் தலைவர் சிட்டிங் புல், எருமை வேட்டைக்குப் பேர்போன பஃபலோ பில்லின் காட்சிக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். மாண்ட்ரியலில் இருவரையும் சேர்த்து நிறுத்திப் படமெடுத்தார்கள். ஒரே துப்பாக்கியை இருவரும் பிடித்திருக்கிறார்கள். பின்னணி வரைந்த திரை. உண்மையான போர்த் தலைவர் தன்னையே நடித்துக் காட்ட வேண்டி வந்த படம் அது. பழைய உடை போட்டுப் படமெடுக்கும் எவரும் அதை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். யார் யாருக்காக நடிக்கிறார்கள் என்ற கேள்வி அதில் அப்பட்டமாக நிற்கிறது. நாட்மன் ஸ்டுடியோவின் படங்கள் சுமார் 4 லட்சம் இன்று மாண்ட்ரியலின் மெக்கார்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன.

சிவப்புப் பறவை கறுத்துப்போன கதை

பழைய மாதிரிப் படம் என்றால் பழுப்பு நிறம் பூசினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் முடிந்தது என்று விடுகிறார்கள். அது வேலைக்கு ஆகாது.

நாட்மன் காலத்துக் கண்ணாடித் தகடு நீல ஒளியை மட்டும்தான் நன்றாக உணரும். சிவப்பு அதன் கண்ணில் படாது. அதனால் நீல வானம் வெறும் வெள்ளையாக விழும். நீலக் கண்கள் பேய் பிடித்ததுபோல் வெளுக்கும். முகத்துச் சிவப்பும் மச்சமும் கரும்புள்ளியாகத் துருத்தும். கர்க்லாண்ட் வீட்டுக் கொல்லையில் விதைக்கு வரும் ஆண் கார்டினலை அந்தத் தகட்டில் எடுத்திருந்தால், பனியில் தீயாய்த் தெரியும் அந்தப் பறவை காக்கைபோல் கறுத்திருக்கும். இதை அறிந்த படக்காரர் இன்றைய கேமராவில் எடுத்த படத்திலும் சிவப்பைக் குறைத்து நீலத்தைக் கூட்டித்தான் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவார். அப்போதுதான் சிப்பாயின் சிவப்புக் கோட்டு சரியான கறுப்பில் விழும்.

அன்று தகட்டுக்கு ஒளி பல விநாடி விழ வேண்டும். தலை அசையாமலிருக்கப் பின்னால் இரும்புக் கவை வைத்தார்கள். பல்லைக் காட்டிச் சிரித்தபடி அவ்வளவு நேரம் யாராலும் உறைந்து நிற்க முடியாது; பழைய படங்களின் கடுகடுத்த முகங்களுக்கு இதுவும் ஒரு காரணம். 1840-இல் வந்த பெட்ஸ்வால் லென்ஸ் நடுவே முகத்தைக் கூர்மையாக்கி ஓரத்தைச் சுழலவிட்டது. வடக்கு ஜன்னல் வெளிச்சம் ஒன்றுதான் விளக்கு. இவ்வளவையும் மனத்தில் வைத்து எடுத்தால்தான் படம் அந்தக் காலத்தில் நிற்கும்.

உடையில் நுணுக்கம் இன்னும் அதிகம். சந்தையில் நிற்கும் சிப்பாய் வேஷக்காரர்களின் கோட்டைக் கிட்டே போய்ப் பாருங்கள். தேர்ந்தவர் என்றால் பொத்தான் துளை கையால் தைத்தது, நூல் மெழுகிட்டது, துணி கம்பளி. அரைகுறை என்றால் இயந்திரத் தையல் வரிசை பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கைக்கடிகாரம் போட்டுப் பழகிய மணிக்கட்டின் வெளிர்த்தடம்கூடப் படத்தில் விழும். அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது மணிக்கட்டையும் செருப்பையும்தான்.

பதினொரு கிராம் உயிர்

பறவைக்கு இப்படி எதையும் ஏற்பாடு செய்ய முடியாது. ஆரம்பத்தில் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1856-இல் வேல்ஸ் நாட்டுப் பொழுதுபோக்குப் படக்காரர் ஜான் டில்வின் லெவெலின் எடுத்த நாரைப் படம் புகழ்பெற்றது. நீரோரம் மீனுக்குக் காத்து நிற்கும் அந்த நாரை பாடம் செய்து பஞ்சடைத்தது. உயிருள்ள பறவையைப் பிடிக்கும் வேகம் கேமராவுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

இன்று வேகம் இருக்கிறது, பொறுமைதான் பஞ்சம். மோர்கன் தோட்டத்தில் மரக்கிளையிலிருந்து கைக்கே வந்து விதை எடுக்கும் கருந்தலைச் சிக்கடீயை எடுத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 11 கிராம். மாண்ட்ரியலின் டிசம்பர் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் தின்று சேர்த்த கொழுப்பை வைத்தே நீண்ட உறைபனி இரவைத் தாண்ட வேண்டும். இரவில் தன் உடல் வெப்பத்தைப் பத்துப் பன்னிரண்டு டிகிரி தணித்துக்கொண்டு உயிரை மிச்சம் பிடிக்கும் பறவை அது. நல்ல கோணத்துக்காக அதைக் கிளை கிளையாகத் துரத்தினால், ஒவ்வொரு பறத்தலும் அன்றிரவுக் கணக்கில் கழிவு. அதன் குரலிலேயே எச்சரிக்கை உண்டு. ஆபத்து எவ்வளவு பெரிதோ அவ்வளவு முறை கடைசி ‘டீ’யைத் திரும்பத் திரும்பச் சொல்லும் என்று 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ‘டீ டீ டீ டீ’ என்று நீண்டால் பின்வாங்குவதுதான் நாகரிகம்.

பனிக்காலம் படக்காரருக்குக் கொடுக்கும் கொடையும் உண்டு. சூரியன் நாள் முழுக்கத் தாழ்வாகவே நகரும். தரைப் பனி வெளிச்சத்தை மேல்நோக்கித் திருப்பும். கோடையில் இருண்டு கிடக்கும் அடிவயிற்று இறகு அப்போது தெளிவாக விழும். ஆனால் கேமராவின் ஒளிமானிக்கு வெள்ளை புரியாது. எல்லாவற்றையும் சாம்பலாக்கப் பார்க்கும். ஒன்று முதல் இரண்டு படி ஒளியைக் கூட்டி வைத்தால்தான் பனி பனியாக இருக்கும். பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கிப் படுத்து, கண்ணைக் கூர்மையாக்கிவிட்டால் மீதி தானே அமையும்.

பனி ஆந்தை விஷயத்தில்தான் மனம் கொதிக்கிறது. கியூபெக்கின் அதிகாரபூர்வப் பறவை, 1987 முதல். துருவத்துத் தரிசில் லெம்மிங் எலிகளைத் தின்று வளர்வது. சில குளிர்காலங்களில் தெற்கே வந்து, அந்தத் தரிசைப்போலவே விரிந்து கிடக்கும் வயல்களிலும் விமான நிலையங்களிலும் இறங்குகிறது. செல்லப்பிராணிக் கடையில் எலி வாங்கி வந்து பனிமேல் வீசி, அது பாய்ந்து வரும் கணத்தைப் படமெடுக்கும் பழக்கம் கனடாவில் பரவியிருக்கிறது. மனிதனைக் கண்டால் இரை என்று பழகிய ஆந்தை சாலையோரம் வந்து வண்டியில் அடிபடும். அப்படி எடுத்த படத்தை ‘காட்டில் கண்டது’ என்று காட்டுவது பொய். உப்பைப் பனியாக்கிய நாட்மன் செய்தது நாடகம், யாரும் சாகவில்லை. எலி வீசுபவர் செய்வது அதைவிடப் பல மடங்கு கீழானது.

நம்மவர் ஒருவரை இங்கே நினைக்காமல் போக முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996). பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே கட்டிய பாரமான கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பேர் வைத்திருந்தார். எடுத்தது கறுப்பு வெள்ளையில். விலங்கும் பறவையும் தம் இடத்தில், தம் போக்கில் இருக்கையில்தான் அவருக்குப் படம். ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் இறக்கும் வரை பத்தி எழுதினார். வேடந்தாங்கல் பற்றித் தமிழில் எழுதினார். லட்ச ரூபாய் லென்ஸ் வாங்குமுன் அவர் எழுத்தைப் படிப்பது புதியவர்களுக்கு நல்லது.

முகம் மாறிய வரலாறு

வரலாற்றை நடித்துக் காட்டுவது விளையாட்டல்ல என்பதை கியூபெக் 2009-இல் அனுபவித்தது. 1759-இல் ஆபிரகாம் சமவெளியில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. அதன் 250-ஆம் ஆண்டில் அந்தப் போரை அதே இடத்தில் நடித்துக் காட்டத் திட்டமிட்டார்கள். எங்கள் தோல்வியைத் திருவிழாவாக்குவதா என்று பிரெஞ்சு தேசியவாதிகள் கொதித்தெழ, அந்த பிப்ரவரியிலேயே நிகழ்ச்சி ரத்தானது. இருநூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தக் காயம் ஆறவில்லை.

நமக்கு வேறு விதமான பாடம் இருக்கிறது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலேற்றப்பட்ட கட்டபொம்மனின் முகம் எப்படி இருந்தது? அப்போது புகைப்படமே பிறக்கவில்லை. ஆனால் தமிழர் எவரைக் கேட்டாலும் முகம் சொல்வார்கள்: அது 1959-ஆம் ஆண்டுப் படத்தில் நடித்த சிவாஜி கணேசனின் முகம். கயத்தாறில் சிவாஜி தன் செலவில் நிறுவிய சிலையும் அந்தச் சாயலில்தான் நிற்கிறது. அவர் நடிப்பின் வலிமை அது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நடித்தது மூலத்தை எப்படி விழுங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்று ஒரு வரி தட்டினால் கணினியே ‘1890-ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் குடும்பம்’ என்று கீறலும் கறையும் வைத்துப் படம் வரைந்து தருகிறது. நாளைக்கு அது பாடநூலில் ஏறினால் தடுப்பது யார்?

சொல்லிவிட்டுச் செய்பவர்களும் நம்மிடையே உண்டு. பெங்களூர்க் கலைஞர் ந. புஷ்பமாலா, புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்களின் பழைய உருவங்களைத் தானே வேஷமிட்டு மறுபடி படைத்தார். 2020-இல் சென்னைப் புகைப்படக்காரர் ஜி. வெங்கட் ராம், சுஹாசினி மணிரத்னத்தின் ‘நாம்’ அமைப்புக்காக, நடிகைகளை வைத்து ரவி வர்மா ஓவியங்களை நாள்காட்டியாக்கினார். எது மூலம், யார் நடித்தது என்பதில் அங்கே ஒளிவுமறைவு இல்லை.

பொழுதுபோக்குப் படக்காரர்களில் பெரியவர் என்று நான் கருதும் ஜூலியா மார்கரெட் கேமரன் நம் பக்கத்தில்தான் கண்மூடினார். கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், 1863-இல், மகளும் மருமகனும் கேமரா பரிசளித்தார்கள். வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் ஆர்தர் அரசன் கதைமாந்தர்களாக வேஷம் கட்ட வைத்தார். கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன் அதில் மந்திரவாதி மெர்லின். இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றிய கோல்புரூக்-கேமரன் சீர்திருத்தத்தில் வரும் அதே கேமரன்தான். 1875-இல் இருவரும் இலங்கை வந்தார்கள். அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் களுத்துறைக் கிராமத்தாரையும் படமெடுத்தார். 1879-இல் மலைநாட்டில் இறந்தார், பொகவந்தலாவையில் புதைக்கப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த வேஷப் படங்களில் பலரின் பெயர் நமக்குத் தெரியும். இலங்கைப் படங்களில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பெயரே இல்லை. கற்பனை அரசனாக நின்றவருக்குப் பெயர் உண்டு. தானாகவே நின்ற தொழிலாளிக்கு இல்லை.

இந்தக் குறையை இனி நாம் செய்யக் கூடாது. கர்க்லாண்டுக்குப் பக்கத்து ஊர் டொலார்-டெ-ஓர்மோவில் திருமுருகன் கோவில் இருக்கிறது. தீவின் இந்த மேற்குப் பகுதியில் கேமரா வைத்திருக்கும் தமிழர்கள் ஏராளம். 1812-ஆம் ஆண்டுச் சிப்பாயை எடுங்கள், தாராளமாக எடுங்கள். அதோடு 1986 ஆகஸ்ட் 11-ஐயும் எடுங்கள். அன்று நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழ் அகதிகளை கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டு காப்பாற்றினார். அவர்களில் பலர் மாண்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். 2016-இல் சிலர் திரும்பிப் போய் அவரைச் சந்தித்தார்கள். படகுக்குள் எப்படி நெருக்கி உட்கார்ந்தார்கள், கையில் எதைப் பற்றியிருந்தார்கள், குழந்தையை எதால் போர்த்தினார்கள் என்பதைச் சொல்ல அவர்களின் நினைவே சாட்சி. அவர்கள் சம்மதித்து, அவர்களே பக்கத்தில் நின்று திருத்த, அந்தக் காட்சியை மறுபடி அமைத்துப் படமெடுக்கலாம்.

அதற்கு முன்னால் அவர்களை அவர்களாகவே ஒரு படம் எடுத்துவிடுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில், பறவைக்குக் காட்டும் அதே பொறுமையோடு. இரண்டு படத்தின் பின்னாலும் பெயர், ஊர், எடுத்த தேதி எழுதுங்கள். இரண்டாவதில் ‘நடித்துக் காட்டியது’ என்றும் சேர்த்து எழுதுங்கள். படகில் முப்பது வயதில் இருந்தவருக்கு 2026-இல் எழுபது வயது.